கடன் ரத்தானது, தவணை ரத்தாகவில்லை

அந்த அக்காவின் பாஸ்புக்கில் கடைசி வரி இதுதான்: 5ஆம் தேதி, நாச் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் முறை) பிடித்தம், 1,150 ரூபாய். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "வாங்காத கடனுக்கு எதுக்கு தம்பி தவணை?" என்று கேட்டார்.

அப்போது நான் ஒரு நிதி நிறுவனத்தில் செயல்முறை வரைபடங்கள் வரையும் வேலையில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. புதிய கடன் விண்ணப்ப முறையைக் கிளை ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த அன்று, இவர் பாஸ்புக்கோடு வந்து நின்றார். வீட்டில் தையல் வேலை செய்பவர். மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்க எங்களிடம் கடன் கேட்டிருந்தார். ஆவணங்கள் கொடுத்தார், மாதத் தவணையைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதம் தந்தார். மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் கைமாற்றாகப் பணம் கொடுத்துவிட்டதால், ஃபோன் செய்து கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரத்தானதாக எஸ்எம்எஸ்ஸும் வந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார், எனக்குக் காட்டினார்.

அலுவலகம் திரும்பியதும் அந்தக் கடனுக்கான வரைபடத்தைத் திறந்தேன். நான் வரைந்ததுதான். வாடிக்கையாளர் இடையில் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதும் அதில் இருந்தது. விண்ணப்பம் முடிகிறது, பதிவில் ரத்து என்று குறிக்கப்படுகிறது, எஸ்எம்எஸ் போகிறது. வரைபடத்தை ஓட்டும் மென்பொருளான இன்ஜினின் பதிவேட்டைப் பார்த்தால், இவருடைய விண்ணப்பம் அதே வழியில் ஒரு அடி பிசகாமல் போயிருந்தது. எங்கும் பிழை இல்லை, சிவப்புக் குறி இல்லை. வரைபடத்தின் கணக்கில் எல்லாம் சரியாக நடந்த ஒரு விண்ணப்பம் அது. ஆனால் அவர் கணக்கில் 1,150 ரூபாய் குறைந்திருந்தது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலை ஒழுங்காக நடக்கும்போது எப்படிப் போகும் என்பதை எல்லோரும் வரைந்துவிடலாம். நடக்காதபோது என்ன ஆகும் என்பதைச் சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். அந்த மொழியை உண்டாக்கப் பலர் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அதில் பாதியைத்தான் பயன்படுத்துகிறோம்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பிபிஎம்என் என்று ஒரு குறியீட்டு மொழி இருக்கிறது. முனை மழுங்கிய பெட்டி என்றால் ஒரு வேலை, சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம், வட்டம் என்றால் ஒரு நிகழ்வு. இந்த மூன்றையும் அம்புகளால் இணைத்தால் ஒரு கடன் விண்ணப்பமோ காப்பீட்டுக் கோரிக்கையோ எப்படி நகர்கிறது என்று படமாகக் காட்டிவிடலாம். படத்தை அப்படியே ஒரு இன்ஜினில் ஏற்றி ஓடவும் விடலாம். பிபிஎம்ஐ என்ற அமைப்பு 2004இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அந்த அமைப்பு, ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்போடு இணைந்தது. 2.0 பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது, 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இன்று வங்கி, காப்பீடு என்று எங்கே போனாலும் இதுதான் பேச்சுமொழி.

நான் முதலில் கற்றது இதுவல்ல. ஜெர்மனியில் பேராசிரியர் ஷீரின் குழுவில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஈபிசி என்ற முறைதான் எனக்கு முதல் பாடம். எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளின் உலகத்தில் அதுவே பெரிதும் புழங்கியது. நிகழ்வு, செயல், இரண்டையும் இணைக்கும் முடிச்சுகள், அவ்வளவுதான். வேலை நடுவழியில் கெட்டுப்போனால் அதைக் காட்ட அதில் தனியாக ஒரு குறி கிடையாது. ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் 'சரியாக முடிந்தது', 'முடியவில்லை' என்று இரண்டு கிளை பிரிக்க வேண்டும். பத்துச் செயல் இருந்தால் படம் புளியமரம் மாதிரி கிளைத்துவிடும். அதனால் எல்லோரும் 'முடியவில்லை' கிளையை வெட்டிவிட்டு வரைவோம். கூட்டத்தில் படம் அழகாகத் தெரியும். வெட்டிய கிளையில்தான் ஜனங்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிபிஎம்என்னில் எனக்குப் பிடித்ததே, அந்தக் கிளையை வெட்டத் தேவையில்லாமல் செய்ததுதான். ஒரு பெட்டியின் விளிம்பில் சிறிய இரட்டை வட்டம் ஒன்றை ஒட்டலாம். பவுண்டரி ஈவென்ட் என்று சொல்வோம். அதற்குள் மின்னல் குறி இருந்தால் பிழை, கடிகாரம் இருந்தால் கெடு தாண்டியது, கடித உறை இருந்தால் வெளியிலிருந்து தகவல் வந்தது, மேல்நோக்கிய அம்பு இருந்தால் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியது. பெட்டிக்குள் எந்த இடத்தில் அது நடந்தாலும் அந்த வட்டத்திலிருந்து வேறு பாதை கிளம்பும். முக்கியப் பாதை நேராக, படிக்கச் சுலபமாகவே இருக்கும். தவறிப்போகிறவர்களுக்கான பாதையும் அதே தாளில், அதே பெட்டியின் விளிம்பிலிருந்து தொடங்கும்.

வட்டத்தின் கோட்டிலும் பொருள் இருக்கிறது. முழுக்கோடாக இருந்தால் பெட்டிக்குள் நடக்கும் வேலை அந்த நொடியே நின்றுவிடும். புள்ளிக்கோடாக இருந்தால் வேலை தொடரும், பக்கத்தில் இன்னொரு வேலையும் ஆரம்பிக்கும். கடன் சரிபார்ப்பு இரண்டு நாள் தாமதமானால் வாடிக்கையாளருக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும், ஆனால் சரிபார்ப்பை நிறுத்தக் கூடாது என்றால் புள்ளிக்கோட்டுக் கடிகாரம். மேலே சொன்ன நான்கில் பிழைக்கு மட்டும் புள்ளிக்கோடு கிடையாது. பிழை வந்தால் அந்த வேலை நின்றே ஆக வேண்டும் என்பது விதி. மேல்நோக்கிய அம்புக்குப் பெயர் எஸ்கலேஷன், அது பிபிஎம்என்னின் 2.0 பதிப்பில் புதிதாக வந்தது. அதில் இரண்டு வகைக் கோடும் உண்டு. தகவல் மேலே போகும், விரும்பினால் வேலையும் நடந்துகொண்டிருக்கும். பலரும் பிழை, எஸ்கலேஷன் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சமையல்காரர் "உப்புத் தீரப்போகுது" என்று குரல் கொடுப்பது எஸ்கலேஷன். குழம்பு அடிபிடித்துவிட்டால் பிழை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். சர்வர் பதில் சொல்லவில்லை, நெட்வொர்க் அறுந்துவிட்டது என்பவற்றையெல்லாம் வரைபடத்தில் மின்னலாகப் போடக் கூடாது. அது இன்ஜினின் கவலை. இன்னொரு முறை முயற்சி செய்யட்டும், மூன்று முறையும் தோற்றால் மென்பொருளை இயக்கிப் பராமரிக்கும் குழுவுக்கு ஒரு டிக்கெட் போகட்டும். 'இந்தப் பான் எண் வேறொருவர் பெயரில் இருக்கிறது' என்பதுதான் மின்னல் குறிக்கு உரிய விஷயம். அது எத்தனை முறை முயன்றாலும் மாறாது, ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே மின்னலில் போட்டால், நெட்வொர்க் போன நாளில் நல்ல விண்ணப்பங்கள் எல்லாம் நிராகரிப்புக் கடிதத்தோடு வெளியே போகும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓர் இன்ஜினில் வேறு ஒரு பழக்கமும் இருந்தது. ஒரு பிழையைப் பிடிக்க எந்த வட்டமும் இல்லாவிட்டால், சத்தமே இல்லாமல் அந்தப் பாதையை முடித்துவிடும். அமைப்பில் ஒரு வரியை மாற்றினால்தான் கூச்சல் போடும். எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன். அதில் பிழையும் இல்லை, எஸ்கலேஷனும் இல்லை. அங்கே விட்டுப்போனது காம்பன்சேஷன்.

இந்தச் சொல்லை இழப்பீடு என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வருகிறது. ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றை, இன்னொரு செயலால் ஈடுகட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுமனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? மனையை அடமானம் வைத்திருந்தால் அதில் அடமானப் பத்திரம் ஒரு பதிவாக நிற்கும். கடனை அடைத்தபின் அந்தப் பதிவை யாரும் அழிப்பதில்லை. ரசீதுப் பத்திரம் என்று இன்னொன்றைப் பதிவு செய்கிறார்கள். சான்றில் இரண்டும் வரும். வைத்ததும் தெரியும், மீட்டதும் தெரியும். காம்பன்சேஷன் அந்த ரசீதுப் பத்திரம் மாதிரி. நடந்தது நடந்ததுதான், அதன் விளைவைத் தீர்க்க ஒரு புதிய செயல் தேவைப்படுகிறது.

கணினி அறிவியலில் இந்த யோசனைக்கு மூலம் 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய 'சாகாஸ்' என்ற ஆய்வுக் கட்டுரை. தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை நொடியில் முடிந்துவிட்டால் கவலையில்லை, இடையில் கெட்டால் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பிவிடலாம். ஆனால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓடும் வேலைக்கு அது ஆகாது. அவ்வளவு நேரம் தரவைப் பூட்டி வைத்தால் மற்ற எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டும். அதனால் நீண்ட வேலையைச் சிறிய பரிவர்த்தனைகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதை ஈடுகட்டும் ஒரு பரிவர்த்தனையையும் எழுதி வையுங்கள் என்றார்கள். எல்லாப் படியும் முடிய வேண்டும், அல்லது முடிந்த படிகளுக்கு மட்டும் கடைசியிலிருந்து பின்னோக்கி ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டிய பிறகு தரவுத்தளம் பழைய நிலையில் அப்படியே இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. பொருளளவில் சரியாகிவிட்டால் போதும் என்றார்கள். ரசீதுப் பத்திரத்தின் அதே தர்க்கம்.

இதை வணிகச் செயல்முறைகளுக்குள் ஆழமாகக் கொண்டுவந்தது பிபெல் என்ற மொழி. ஐபிஎம் வைத்திருந்த ஒரு மொழியும் மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த ஒரு மொழியும் சேர்ந்து 2002இல் உருவானது. 2007இல் ஒயாசிஸ் அமைப்பு 2.0 பதிப்பைத் தரமாக அறிவித்தது. படம் கிடையாது, முழுக்க எக்ஸ்எம்எல். இன்று அதைப் புதிதாக யாரும் தொடுவதில்லை. ஆனாலும் அந்த விவரக்குறிப்பை ஒரு முறையாவது படியுங்கள் என்று என்னிடம் வரும் இளையவர்களிடம் சொல்கிறேன். கெட்டுப்போவதைப் பற்றி அவ்வளவு கவனமாக யோசித்த மொழி வேறொன்றை நான் பார்த்ததில்லை. சில வேலைகளை ஒன்றாகக் கட்டி ஓர் எல்லை (ஸ்கோப்) போடலாம், ஒவ்வொரு எல்லைக்கும் பிழையைப் பிடிக்க ஒன்று, முடிந்ததை ஈடுகட்ட ஒன்று, இடையில் வரும் செய்திகளுக்கு ஒன்று என்று தனித்தனிக் கையாளிகள் (ஹேண்ட்லர்) வைக்கலாம். நீங்கள் பிழைக்கு எதுவுமே எழுதாமல் விட்டாலும் மொழியே பொறுப்பெடுத்துக்கொள்ளும். உள்ளே முடிந்துபோன எல்லைகளைப் பின்வரிசையில் ஈடுகட்டிவிட்டு, பிழையை வெளியே இருக்கும் எல்லையிடம் ஒப்படைக்கும்.

2.0இல் நான்காவதாக ஒன்றையும் சேர்த்தார்கள். டெர்மினேஷன் ஹேண்ட்லர். பாதியில் நிறுத்தப்படும் வேலைக்கானது. முடிந்த வேலைக்கு ஈடுகட்டும் கையாளி, பாதியில் நின்ற வேலைக்கு இது. இந்த வித்தியாசம் ஏதோ ஏட்டுச் சமாசாரம் என்று நானும் நினைத்து வாசித்துக் கடந்திருக்கிறேன். அந்த அக்காவின் 1,150 ரூபாய் சரியாக அந்த இடைவெளியில்தான் விழுந்திருந்தது.

நடந்தது இது. எங்கள் வரைபடத்தில் 'மேண்டேட் பதிவு' என்று ஒரே பெட்டி. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து தவணை பிடிக்க அனுமதி கேட்டு வங்கிக்குக் கோரிக்கை போகும், இரண்டொரு நாள் கழித்து ஏற்றதாகவோ மறுத்ததாகவோ பதில் வரும், அப்போதுதான் பெட்டி முடியும். அக்கா ஃபோன் செய்தபோது கோரிக்கை போயாகிவிட்டது, பதில் வரவில்லை. பெட்டி நடுவில் நிற்கிறது. ரத்து என்ற தகவல் வந்ததும், விளிம்பில் இருந்த முழுக்கோட்டு வட்டம் பெட்டியை நிறுத்திவிட்டு எஸ்எம்எஸ் பாதைக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வேலை நின்றுவிட்டது. வங்கியின் பக்கத்தில் நிற்கவில்லை. அடுத்த நாள் அவருடைய வங்கி மேண்டேட்டை ஏற்றுக்கொண்டது. அந்தப் பதில் நேராக எங்கள் வசூல் மென்பொருளுக்கு வந்தது. அது புதிய மேண்டேட் வந்திருக்கிறது, அடுத்த மாதம் 5ஆம் தேதி முதல் தவணை என்று அட்டவணை போட்டுவிட்டது. கடன் விண்ணப்பம் செத்துப்போனது அதற்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டிய செயல்முறை ஏற்கெனவே முடிந்திருந்தது.

என் முதல் யோசனை, மேண்டேட் பெட்டியோடு ஒரு காம்பன்சேஷனை இணைத்துவிடலாம் என்பது. இரண்டு இடதுநோக்கிய முக்கோணங்கள், டேப் ரெக்கார்டரில் பின்னால் ஓட்டும் பட்டன் போல இருக்கும் குறி. அரை மணி நேரத்தில் வரைந்தும்விட்டேன். சோதனையில் ஓடவிட்டால் கையாளி அசையவே இல்லை. ஏன் என்று புரிய மதியம் வரை ஆனது. பிபிஎம்என்னில் வெற்றிகரமாக முடிந்த வேலையை மட்டுமே ஈடுகட்ட முடியும். எங்கள் பெட்டி முடியவில்லை, நிறுத்தப்பட்டது. முடியாத வேலைக்கு ஈடுகட்ட ஒன்றுமில்லை என்பது மொழியின் வாதம். பிபெல்லில் இருந்த டெர்மினேஷன் ஹேண்ட்லரும் இதில் கிடையாது. பாதியில் நிற்கும் வேலை வெளியுலகில் என்ன விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று கேட்க அங்கே ஆளில்லை.

அதற்குப் பிறகு பெட்டியையே உடைத்தோம். 'கோரிக்கை அனுப்பு' என்று ஒன்று. அது அனுப்பிய நொடியே முடிந்துவிடும், ஆகவே ஈடுகட்டத் தகுதி பெற்றுவிடும். அடுத்து ஒரு சாய்சதுரம், அங்கே மூன்று விஷயங்களுக்காகக் காத்திருப்பு: வங்கியின் பதில், வாடிக்கையாளரின் ரத்து, பத்து நாள் கெடு. எது முதலில் வருகிறதோ அந்த வழி. இந்த எல்லாவற்றையும் இரட்டை விளிம்பு போட்ட டிரான்ஸாக்‌ஷன் பெட்டிக்குள் வைத்தோம். ரத்து வந்தால் உள்ளே கேன்சல் என்ற முடிவு வட்டத்துக்குப் போகும். அதுவே முடிந்த வேலைகளுக்கான கையாளிகளை எழுப்பிவிடும். அவை முடித்த பிறகே வெளியே வந்து எஸ்எம்எஸ் அனுப்பும். எஸ்எம்எஸ் கடைசியில் போவது முக்கியம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் அழிக்காமல் வைத்திருந்த அந்தச் செய்தி, எங்கள் வேலை முடியும் முன்பே போன வாக்கு.

கையாளி என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்னொரு முடிச்சு இருந்தது. 'மேண்டேட்டை ரத்து செய்' என்று ஒரு வரி போதாது. இன்னும் பதிவாகாத மேண்டேட்டை ரத்து செய்யச் சொன்னால் அப்படி ஒன்று இல்லை என்று திருப்பிவிடுவார்கள். மறுநாள் அது பதிவாகிவிடும். எனவே கையாளிக்குள்ளேயே ஒரு சிறு செயல்முறை: வங்கியின் பதிலுக்குக் காத்திரு, ஏற்றதாக வந்தால் ரத்துக் கோரிக்கை அனுப்பு, மறுத்ததாக வந்தால் வேலை முடிந்தது, பதிலே வராமல் ஒரு வாரம் ஆனால் ஒரு மனிதரின் பட்டியலில் போடு.

அந்தக் கடைசி வழியை வரையும்போது ஒரு மூத்த சக ஊழியர் கேட்டார், "ஈடுகட்டும் வேலையே தோற்றால்?" பிபிஎம்என் அதற்கும் பெயர் வைத்திருக்கிறது. டிரான்ஸாக்‌ஷனுக்கு மூன்று முடிவுகள்: வெற்றி, ரத்து, ஹஸார்டு. மூன்றாவது, வெற்றியாகவும் முடிக்க முடியாமல் ஒழுங்காகப் பின்வாங்கவும் முடியாமல் நடுவில் நிற்பது. விளிம்பில் மின்னல் வட்டம் வைத்து அதைப் பிடிப்போம். எங்கள் படத்தில் அந்த வட்டத்திலிருந்து போன அம்பு ஒரு பெட்டியில் முடிந்தது. கிளை மேலாளர் வாடிக்கையாளருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தோம். ஃபோன் செய்யும் பெட்டியை நான் வரைந்தது அதுதான் முதல் முறை.

எதிர்பார்த்த விதிவிலக்கு, எதிர்பாராத விதிவிலக்கு என்ற பிரிப்பை 1995இலேயே யோஹான் ஏடர், வால்டர் லீப்ஹார்ட் இருவரும் எழுதியிருக்கிறார்கள். பின்னர் 2006இல் நிக் ரஸல், வில் வான் டெர் ஆல்ஸ்ட், ஆர்தர் டெர் ஹோஃப்ஸ்டெட் மூவரும், வேலை தோல்வி, கெடு தாண்டல், ஆள் இல்லாமை, வெளியிலிருந்து வரும் தூண்டல், விதிமீறல் என்று ஐந்து வகை கண்டார்கள். ஒவ்வொன்றிலும் அந்த வேலையை, அந்த விண்ணப்பத்தை, மற்ற விண்ணப்பங்களை என்ன செய்வது, பின்வாங்குவதா ஈடுகட்டுவதா என்று அடுக்கினார்கள். வரைபடத்தை மறுபார்வை செய்யும்போது இந்த ஐந்தையும் ஒவ்வொரு பெட்டியிடமும் கேட்பேன். 'ஆள் இல்லாமை' என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. ஒப்புதல் தர வேண்டியவர் மகப்பேறு விடுப்பில் போனால் யார் என்று கேட்டால் அறையே அமைதியாகிவிடும்.

எதிர்பாராததற்கு என்ன செய்வது? அதை வரைய முடியாது. வரைந்துவிட்டால் அது எதிர்பார்த்ததாகிவிடும். இதற்கு நேர்மையான பதில் ஒன்றை யால் என்ற மொழியைச் சுற்றி வேலை செய்தவர்களிடம் பார்த்தேன். பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆடம்ஸ் உருவாக்கிய வார்க்லெட் முறை அது. புதிய சிக்கல் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, அதைத் தீர்க்கும் சிறு செயல்முறையை அப்போதே எழுதிச் சேர்க்கலாம். எந்தச் சூழலில் அது பொருந்தும் என்ற விதியும் விதிமரத்தில் ஒரு கிளையாகச் சேர்ந்துவிடும். அடுத்த முறை அதே சூழல் வந்தால் கைவசம் இருக்கும். கிராமத்து வைத்தியர் புது நோய்க்குக் கண்ட மருந்தை ஓலையில் எழுதிச் சேர்ப்பது போல. பிபிஎம்என் இன்ஜின்களில் இதைச் செய்ய எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. நாங்கள் செய்வது, எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதர் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு வழி விட்டுவைப்பது மட்டும்தான்.

இவையெல்லாம் மென்பொருள்காரர்களின் விவகாரம் என்று தோன்றலாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை எடுத்துப் படியுங்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்குக் கெடுவும் இழப்பீடும் வகுத்தது அது. ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து பணம் வெளியே வரவில்லையா, ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லையா, அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்கும் அதே 100. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. எனக்கு அது ஒரு நாடு முழுமைக்குமான வரைபடமாகவே தெரிகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தோல்வி, ஒரு கடிகாரம், ஓர் ஈடுகட்டல். காம்பன்சேஷன் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: பணத்தைத் திருப்புவது ஒரு பத்தி, காத்திருந்ததற்கு ஈடு தருவது அடுத்த பத்தி. எங்கள் குறியீட்டு மொழிகளில் இரண்டாவது பத்தி இல்லை.

நாச் பற்றியும் அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் வங்கியிடம் மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கப்பட்டால், அவருடைய வங்கியே பொறுப்பு. ஆனால் அக்கா தன் வங்கியிடம் சொல்லவில்லை, எங்களிடம்தான் சொன்னார். அப்படித்தான் யாரும் செய்வார்கள். கடன் கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொன்னால் போதாது, வங்கிக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பணத்தை நாங்கள் திருப்பிப் போட்டோம். பத்து நாளுக்கு மேல் ஆனது. வசூல் குழு, கணக்குக் குழு, கிளை என்று மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அவர் வந்தபோது நான் அந்தக் கிளைக்கு வேண்டுமென்றே போயிருந்தேன். பாஸ்புக்கில் வரி அச்சாகி வந்திருந்தது. மேலே 1,150 பற்று, கீழே 1,150 வரவு. நடுவில் வேறு இரண்டு வரிகள்.

"மேல இருக்கிற வரியை அழிக்க முடியாதா தம்பி?" என்றார்.

முடியாது அக்கா, இரண்டும் இருக்கும், ஆனால் கணக்கு நேராகிவிட்டது என்றேன்.

அவர் நடுவில் இருந்த வரிகளில் ஒன்றைக் காட்டினார். சீட்டுப் பணம். மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிடுவாராம். அந்த மாதம் கணக்கில் பணம் குறைந்ததால் 12ஆம் தேதிதான் கட்ட முடிந்திருக்கிறது. நாள் தவறியதால் அந்த மாதக் கசர், அதாவது சீட்டுத் தவணையில் கிடைக்கும் கழிவு, கிடைக்கவில்லை, முழுத் தவணையும் கட்டியிருக்கிறார். எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். 210 ரூபாய் என்றார். அதை எங்களிடம் கேட்டு அவர் வரவில்லை, கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான்.

கிளை மேலாளரிடம் பேசினேன். அந்த 210 ரூபாயை எந்தத் தலைப்பில் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்கள் மென்பொருளிலும் அதற்கு இடமில்லை. கடைசியில் வாடிக்கையாளர் நல்லெண்ணத் தொகை என்று ஒரு வவுச்சர் போட்டுக் கொடுத்தார். வரைபடத்தின் அடுத்த பதிப்பில், ஃபோன் செய்யும் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி சேர்த்தேன். அதன் பெயர் 'வேறு என்ன நஷ்டம் என்று கேள்'.